கம்புக்கு அக்கட்ட

பறவை தப்பான பக்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது, மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து முதல் கொடியை மேஜையில் விரித்தபோதே மரகதத்துக்குத் தெரிந்துவிட்டது. இப்போது சுவர்க் கடிகாரத்தில் மூன்றேகால், இன்னும் அவள் வாயைத் திறக்கவில்லை. ஒரு கொடியை எடுப்பது, விரிப்பது, நான்கு ஓரத்தையும் விரலால் தடவிப் பார்ப்பது, தொங்குகிற நூலைக் கத்தரிப்பது, மடிப்பது, இடப்பக்கம் அடுக்குவது. கரூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, இந்தக் கம்பெனியில் பதினாறு வருஷமாகப் பெட்ஷீட்டுக்கும் தலையணை உறைக்கும் செய்கிற அதே செக்கிங் வேலைதான். கைக்கு வழி தெரியும், தலை எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம். மற்ற நாளெல்லாம் அது சுகமாக இருந்தது, இன்றைக்கு அதுதான் வம்பாகப் போயிற்று. கொடி முழுக்கப் பச்சை, ஒரு கீழ்மூலையில் மட்டும் சிவப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அவற்றின் தலைக்கு மேலே இறக்கை விரித்த கழுகு. ஜாம்பியா என்ற நாட்டின் கொடி. அந்தக் கழுகின் இறக்கையை உரசுகிற மாதிரி, அதே ஓரத்தில், கயிறு கோப்பதற்கான வெள்ளைப் பட்டியை அடித்து வைத்திருக்கிறார்கள். ஆறு மெஷின், மூன்று நாள், அறுநூறு கொடி, அறுநூறிலும் அதே ஓரம். யாரைக் குற்றம் சொல்ல? பெட்ஷீட்டுக்குத் தலைமாடு கால்மாடு பார்க்கிறவர்கள் கொடிக்கு எதைக் கண்டார்கள். போன மாதம் இங்கே முதல்முதலாகக் கொடி ஆர்டர் வந்தது, அது மொசாம்பிக் என்ற நாட்டுக்கு. அதில் கம்புப் பக்கம் ஒரு சிவப்பு முக்கோணம், படமெல்லாம் முக்கோணத்துக்குள். அன்றைக்கே சூப்பர்வைசர் பொன்னுசாமி ஒரு சட்டம் கண்டுபிடித்துவிட்டார்: படம் எந்தப் பக்கமோ கம்பு அந்தப் பக்கம். இந்தத் தடவை வந்த தாளில் கொடியின் படம் மட்டுந்தான் இருந்தது, கம்பு வரைந்திருக்கவில்லை. சட்டம் கையில் இருக்கும்போது கம்பு எதற்கு? ஐந்து மணிக்கு லாரி வந்துவிடும். லாரியிலிருந்து தூத்துக்குடி, தூத்துக்குடியிலிருந்து கப்பல், கப்பலை விட்டிறங்கி இன்னொரு நாட்டைக் குறுக்காகத் தாண்டிப் போகவேண்டும், ஏனென்றால் அது கடல் இல்லாத நாடு. எங்க நாட்டுக்குக் கடலே இல்ல மரகதம், நான் கடல முதல்ல பாத்தது உங்க நாட்டுலதான் என்று அந்த நாட்டுக்காரன் ஒருவன் எப்போதோ அவளிடம் சொன்னது. அடுத்த கொடியை அவள் எடுத்து விரித்தாள்.

காலையில் பொன்னுசாமி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெஷின்களுக்கு நடுவில் வந்து நின்றார். மரகதத்தின் புருஷன் நாச்சிமுத்துவுக்குப் பெரியப்பா மகன், அவளுக்கு மாமா முறை. நல்ல மனுஷன்தான், போனில் கண்டதையெல்லாம் உரக்கப் படித்துக் காட்டுகிற வியாதி ஒன்றைத் தவிர. “ஏனுங் அம்மிணிகளா, தைக்கறது என்னன்னு தெரிஞ்சு தைங்க. பச்சைன்னா அந்த நாட்டுக் காடு தோட்டம். செவப்புன்னா சொதந்தரத்துக்குப் போராடுனவங்க ரத்தம். கறுப்பு, அந்த நாட்டுச் சனம். ஆரஞ்சு, பூமிக்குள்ள கெடக்கற செம்பு. கழுகு இருக்குது பாருங்க, அது எந்தக் கஷ்டத்தையும் தாண்டி மேல பறக்கறது. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுவத்து நாலு, அக்டோபர் இருவத்து நாலு. அதுக்கு முன்னால வெள்ளைக்காரன் அந்த நாட்டுக்கு வேற பேரு வெச்சிருந்தானாமா.” வடக்கு ரொடீசியா, என்று மரகதத்தின் நாக்கு வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டது. ஒவ்வொரு நிறத்துக்கும் அவர் வாய் திறக்குமுன் அவளுக்குள் பதில் வந்து நின்றுவிட்டது, பாடம் முழுக்கத் தெரிந்தும் கை தூக்காத பிள்ளை மாதிரி அவள் குனிந்து தலையணை உறை நூலை வெட்டிக்கொண்டிருந்தாள். போனில் இல்லாததும் அவளுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்துச் சின்னத்திலும் இதே கழுகுதான், ஆனால் அப்போது அதன் நகத்தில் ஒரு மீன் இருந்தது. கொடிக்கு வந்தபோது மீனை விட்டுவிட்டது. கால் காலியாக இருந்தாத்தானே பறக்க முடியும் என்று, அம்மாவின் மெஸ்ஸில் சாப்பிட்ட அந்த நாட்டுப் பையன் சொன்னான். இந்தப் பச்சைகூட அவன் சின்ன வயசில் பார்த்த பச்சை இல்லை, அது இன்னும் இருண்ட பச்சை, பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும்போது வெளிறலாக மாற்றிவிட்டார்களாம். எனக்கு இன்னும் பழைய பச்சைதான் கனவுல வருது என்றான். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஒருத்தனுக்குக் கனவில் என்ன பச்சை வரும் என்பதுவரை தெரிந்து வைத்துக்கொண்டு, அவன் பெயரை ஒருதரம்கூட வாய்விட்டுச் சொல்லாமல் இருபத்திரண்டு வருஷம். சொன்னால் பல்லா கொட்டிவிடும்? கொட்டும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

கோயம்புத்தூரில், பீளமேட்டுக்கு உள்ளே ஒரு சந்தில் அம்மா மெஸ் நடத்தினாள். முன்னறையில் நான்கு பெஞ்சு, சாப்பிடுகிறவர்கள் எல்லாம் காலேஜ் பையன்கள், பரிமாறுவது மரகதம். அவன் முதல் நாள் வந்தபோது எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். அம்மா கரண்டியோடு வந்து நின்று, இவனுக்கு ஸ்பூன் வேணுமோ என்னமோ என்றாள். அவன் கேட்கவில்லை, கையை அலம்பிக்கொண்டு வந்து உட்கார்ந்து, சோற்றை உருட்டிக் குழி பண்ணிக் குழம்பைத் தொட்டுச் சாப்பிட்டான். அவன் ஊரிலும் கையால்தானாம், மக்காச்சோள மாவில் களி கிண்டுவார்களாம், நிசிமா என்று அதற்குப் பெயராம். கொங்குநாட்டில் பிறந்தவளுக்குக் களியைப் பற்றி ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஒருவன் சொல்கிறான். ஒரு நாள் அவள் சோளக்களி கிண்டி வைத்தாள். அன்றைக்கு அவன் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற இடத்தில் ரொம்ப நேரம் நின்றான். அவன் கற்றுக்கொண்ட முதல் தமிழ் வார்த்தை ‘போதும்’, இரண்டாவது ‘இன்னும் கொஞ்சம்’. மூன்றாம் வருஷம் பெயருக்கு அர்த்தம் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டான். மரகதம்னா பச்சைக்கல்லுங்க என்று சொன்னதற்கு அவன் கண்ணை அகல விரித்து, எங்க ஊர்ல மண்ணத் தோண்டி அதத்தான் எடுக்கறாங்க, எங்கப்பா செம்புச் சுரங்கம், எங்க மாமா பச்சைக்கல் சுரங்கம் என்றான். யாரும் அதுவரை அவள் பெயரை மண்ணுக்குள் போய்த் தேடினதில்லை. மெஸ்ஸில் மற்றவர்களுக்கு அவன் ஆப்பிரிக்காக்காரன், கொஞ்சம் வாய்க்கொழுப்பு உள்ளவர்களுக்குக் கறுப்பன். பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவள் ஒருத்திதான், அதுவும் யாரும் இல்லாதபோது, அதுவும் மெதுவாக.

அந்த வருஷம் அக்டோபரில், எங்க சுதந்திர நாள் வருது, ஒரு கொடி தெச்சுத் தர்றயா என்று கேட்டான். அவள் அப்போது தையல் கிளாஸ் முடித்து, ஊரில் உள்ள ஜாக்கெட்டுக்கெல்லாம் கொக்கி கட்டிக்கொண்டிருந்த நேரம். ஒப்பணக்கார வீதியில் போய் ஜாக்கெட் பிட்டுத் துணியாகவே நான்கு நிறமும் வாங்கினாள். கறுப்பைக் கேட்டபோது கடைக்காரர், மாலை போட்டிருக்கறது யாரும்மா, அண்ணனா, இன்னும் கார்த்திகை பொறக்கவே இல்லையே என்றார். அவளும் ஆமாங்க என்று வாங்கிவந்துவிட்டாள். கழுகை அவனே துணிப் பெயிண்டால் வரைந்தான். அம்மா அதைப் பார்த்துவிட்டு, கோழி நல்லாத்தான் இருக்குது, சண்டைக் கோழியா என்றாள். அவள் பட்டி வைத்துத் தைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் விரித்தான். அப்புறம் சிரித்தான் பாருங்கள், சுவரில் கை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிறமாதிரி. “மரகதம், இது தப்பு. பறவைய ஏன் கம்புல கட்டிப்போட்ட? பறவை அந்தப் பக்கம். கடைசில. காத்து வந்தா எது ரொம்ப ஆடும்? கம்புக்குப் பக்கத்துல இருக்கறது ஆடுமா?” அவளுக்கு முகம் சிவந்துபோயிற்று. எல்லாக் கொடிக்கும் படம் நடுவுல, இல்லாட்டி கம்புப் பக்கம் இருக்குமுங்களே என்றாள், பெரிய ஆளாட்டம். எங்க கொடிக்கு இல்ல என்றான். கொடி கிழியத் தொடங்குவதும் அந்தக் கடைசி ஓரத்தில்தான், காற்று அங்கேதானே அடிக்கும், அதனால் எங்கள் பறவை சீக்கிரம் கிழியும், கிழிந்தாலும் சரி, பறந்து கிழியவேண்டும் என்றான். அவன் அப்பா சுதந்திரம் வந்த இரவில் சுரங்கத்துக்கு லீவு போட்டுவிட்டுத் தலைநகரத்துக்குப் போனாராம். கூட்டத்தில் முன்னால் நின்றவன் ஒருத்தன் பனைமரம் மாதிரி. பழைய கொடி இறங்கினதும் தெரியவில்லை, புதுசு ஏறினதும் தெரியவில்லை. காற்று ஒரு தரம் அடித்தபோது, அந்த ஆளின் தோளுக்கு அந்தப் பக்கம், கொடியின் மூலை மட்டும் ஒரு விநாடி தெரிந்தது. கழுகு. அதை மட்டும் பார்த்துவிட்டு அந்த மனுஷர் ஊர் திரும்பி, சாகிறவரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம். கம்புப் பக்கம் இருந்திருந்தால் அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. அன்றைக்குச் சாயங்காலம் அவள் பிளேடை எடுத்துப் பட்டியைப் பிரித்தாள். அவன் எதிரில் உட்கார்ந்து பிரிந்த நூலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான் நடந்தது. தொட்டுக்கொள்ளக்கூட இல்லை. இத்தனை வருஷத்தில் அவளுக்கு வேறு எதுவும் அந்தச் சாயங்காலத்துக்குக் கிட்டேகூட வரவில்லை.

“என்ன மரகதம், ஒரே கொடிய எத்தன தடவ மடிப்பே?” என்றாள் எதிரில் உட்கார்ந்து நூல் வெட்டுகிற சரசக்கா. “வெள்ளிக்கெழம நெனப்பா? மாப்பள வூட்டுக்காரங்க எத்தன பேரு வர்றாங்களாமா?” மரகதம் கையிலிருந்ததைப் பார்த்தாள். மடித்த கொடிதான், மறுபடி மடித்திருக்கிறாள். “ஒரு பத்துப் பேரு வருவாங்கக்கா,” என்றாள். மகள் மோனிஷாவைப் பெண் பார்க்க வருகிறார்கள், இடம் கொண்டுவந்தது பொன்னுசாமிதான், அவர் மனைவி வழியில் சொந்தம். நல்ல இடம். அவர்கள் விசாரிக்கிறவர்கள். அம்மாக்காரி எப்படி, அம்மாக்காரியின் அம்மா எப்படி, பிறந்த வீடு எங்கே, மெஸ்ஸா வைத்திருந்தார்கள், மெஸ்ஸில் யாரெல்லாம் சாப்பிட்டார்கள். அடுப்பில் வைத்த பால் மாதிரி விசாரணை, கண்ணை எடுத்தால் பொங்கும். இந்த நேரத்தில் போய், மாமா, பட்டி தப்பு என்று சொன்னால் அவர் என்ன கேட்பார்? உனக்கு எப்படித் தெரியும் என்றுதான் கேட்பார். யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள். கரூர்க்காரி ஒருத்திக்கு, பத்தாவது படித்தவளுக்கு, ஜாம்பியா கொடிக்குக் கம்பு எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? போனில் பார்த்தேன் என்று சொல்லலாம். சின்னப் பொய், யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். நாச்சிமுத்துவை நினைத்துக்கொண்டாள். சாயப்பட்டறையில் வேலை, ஒரு நாளும் கை ஓங்கினதில்லை, மாத்திரையைத் தண்ணீரோடு எடுத்து வந்து கொடுக்கிற மனுஷன். அவனுக்கு அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. குறை என்று எதைச் சொல்வது? ஒரு பெயரை உள்ளே வைத்துக்கொண்டிருப்பது குறையா? அது எங்கே இருக்கிறது என்றுகூட அவளுக்குச் சில சமயம் தெரிவதில்லை, பல்லில் மாட்டின நார் மாதிரி, நாக்கு மட்டும் தானாக அங்கே போய்ப் போய் வருகிறது. “கொடி நல்லா இருக்குதுல்லக்கா,” என்றாள் மரகதம். “என்னமோ, காக்காயாட்டம் இருக்குது,” என்றாள் சரசக்கா.

ரசம். அந்த ரசத்தை நினைக்காமல் ஒரு நாளாவது போயிருக்கிறதா? அவன் படிப்பு முடிந்து கிளம்புகிற அன்றைக்கு மத்தியானம் மெஸ்ஸில் கூட்டம். வாசலில் ஆட்டோ நிற்கிறது, அவன் பையோடு வந்து நின்றான். ஒரு துண்டுக் காகிதத்தை அவள் கையில் வைத்தான், அவன் பெயர், ஒரு தபால்பெட்டி எண், எண்டோலா என்று ஊர்ப்பெயர். அங்கே வீட்டுக்குத் தபால் வராதாம், தபாலாபீஸில் எல்லோருக்கும் ஒரு பெட்டி உண்டாம், போய் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். காகிதத்தைக் கொடுத்துவிட்டு அவன் கேட்டான்: “மரகதம், நீ வர்றயா?” வாசல்வரைக்கும் என்று கேட்கவில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும், அவன் முகம் அப்படி இருந்தது. அவள் கையில் ரச வாளி. மூன்று பேர் ஒரே சமயத்தில் ரசம் ரசம் என்று கூப்பிடுகிறார்கள், உள்ளேயிருந்து அம்மா பார்க்கிறாள். அவள் சொன்னாள்: “ரசம் ஊத்தீட்டு வர்றனுங்க.” பாவி. உலகத்தில் எந்தப் பெண்ணாவது அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலைச் சொல்லியிருப்பாளா? மூன்று பேருக்கு ரசம் ஊற்ற எத்தனை நேரம் ஆகும்? அவள் ஊற்றிப் பார்த்திருக்கிறாள், பிறகு எத்தனையோ தடவை, மனசுக்குள் எண்ணிக்கொண்டே ஊற்றிப் பார்த்திருக்கிறாள். இருபது எண்ணுவதற்குள் ஊற்றிவிடலாம். நான்காவதாக ஒருவன் கேட்டான், அவனுக்கும் ஊற்றினாள். ஊற்றாமல் வந்திருக்கலாம். வாசலுக்கு வந்தபோது ஆட்டோ போன புகை இருந்தது. ரயிலுக்கு நேரமாகியிருக்கும். அல்லது அவள் சொன்னதை அவன் பதிலாக எடுத்துக்கொண்டிருப்பான், அது பதில்தானே. மூன்று மாதம் கழித்து, கல்யாணம் பேசி முடித்த பிறகு, அவள் தபாலாபீஸுக்குப் போய் ஜாம்பியாவுக்கு எத்தனை ரூபாய் ஸ்டாம்பு ஒட்டவேண்டும் என்று கேட்டாள். கௌண்டரில் இருந்தவர் நிமிர்ந்து, அது எங்கம்மா இருக்குது, அங்க யாரு இருக்கறாங்க உனக்கு என்று கேட்டார். சும்மாதான் கேட்டார். தெரியாதுங்க, யாரும் இல்லீங்க என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். சாமி படத்துக்கு அடியில் விரித்த பேப்பருக்குக் கீழே அந்தத் துண்டை வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு வெள்ளையடித்தபோது அம்மா பழைய பேப்பரையெல்லாம் எடுத்து வெந்நீர் அடுப்பில் போட்டாள். எண் மட்டும் எரியவில்லை. ஏழு ஒண்ணு பூச்சியம் நாலு ஆறு. ஒரு கொடியை மடிக்கச் சரியாக ஐந்து மடிப்பு. ஏழு, ஒண்ணு, பூச்சியம், நாலு, ஆறு. அடுக்கில் வை. அடுத்தது.

நாலு மணி டீ வந்தது, அவள் எடுத்துக்கொள்ளவில்லை. நெஞ்சுக்குள் ஒரு நினைப்பு, கெட்ட நினைப்பு, வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. இந்தக் கொடிகள் தப்பாகவே போகட்டும். போய், அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில், தபாலாபீஸ் வாசலில், அக்டோபர் இருபத்து நாலாம் தேதி ஏறட்டும். அந்த நாட்டுக்காரர்கள் எல்லோரும், இது எந்த மடையன் தைத்தது என்று திட்டுவார்கள். ஒருத்தன் மட்டும் திட்டமாட்டான். பெட்டியில் தபால் இருக்கிறதா என்று பார்க்க வந்தவன், தலை நரைத்திருக்கும் இப்போது, நிமிர்ந்து பார்ப்பான், பறவை கம்பில் கட்டிக் கிடக்கும். அவன் சுவரில் கை ஊன்றிக்கொண்டு சிரிப்பான். மரகதம் என்பான். இந்தத் தப்பைச் செய்யக்கூடிய ஒருத்தியை அவனுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக எழுதாத கடிதம் இது, அறுநூறு தரம் எழுதி மடித்து அடுக்கியிருக்கிறது, ஸ்டாம்பு கேட்கவேண்டாம், யாரிடமும் பெயர் சொல்லவேண்டாம், பேசாமல் இருந்தாலே போதும், லாரிக்காரன் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான். எவ்வளவு ஆசை என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது, நாற்பத்து நாலு வயசில், மகளைப் பெண் பார்க்க வருகிற வாரத்தில். அவன் உயிரோடு இருக்கிறானோ இல்லையோ. இருக்கட்டும். இருந்து பார்க்கட்டும். கையிலிருந்த கொடியை, தெரியாமல் செய்கிறமாதிரி, பக்கத்தில் சுழன்றுகொண்டிருந்த பெரிய ஸ்டாண்டு ஃபேனுக்கு நேரே பிடித்தாள். வெள்ளைப் பட்டி அவள் கைக்குள். வெறும் பச்சை படபடவென்று அடித்துக்கொண்டது, ஒன்றுமில்லாத பச்சை, அந்தக் கோடி வரைக்கும். கழுகு அவள் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் அசையாமல் இருந்தது. இறக்கையை விரித்துக்கொண்டு, போக இடமில்லாமல். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற அந்த அப்பாவை நினைத்தாள். இன்றைக்கு அந்த ஊரில் அதேமாதிரி யாராவது நிற்பார்கள், குட்டையான ஒரு பிள்ளை, பள்ளிக்கூட மைதானத்தில் கடைசி வரிசையில், முன்னால் நிற்கிறவனின் தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு. அதற்குப் பச்சை மட்டும் தெரியும். அவள் ஒருத்திக்குக் கடிதம் போகவேண்டும் என்பதற்காக. ஃபேன் கொடியைப் பிடுங்கப் பார்த்தது, அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள், விரல் வலிக்கிற அளவுக்கு.

“மாமா, இங்க ஒரு நிமிசம் வாங்க.” குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. பொன்னுசாமி பேக்கிங் அட்டைப்பெட்டிகளை விட்டுவிட்டு வந்தார். “என்ன அம்மிணி, எண்ணெய்க் கறையா?” “இல்லீங். பட்டி தப்பான பக்கம் இருக்குதுங்க.” அவர் கொடியை வாங்கிப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “படம் இருக்கற பக்கந்தான கம்பு?” “இந்தக் கொடிக்கு இல்லீங் மாமா. கழுகு கம்புக்கு அக்கட்ட இருக்கோணும், கடேசில. காத்தடிச்சா அதுதான் பறக்கோணும்.” “நாந்தான் நாலு நாளா போன்ல பாத்துட்டிருக்கறனே, இதே படந்தான் இருக்குது.” “வெறும் படத்தப் பாக்காதீங்க. கம்புல ஏத்துன போட்டோவாப் பாருங்க.” அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அப்புறம் விரல் நின்றது. ஏதோ ஒரு கட்டடம், முன்னால் உயரமாக ஒரு கம்பம், கம்பத்தை ஒட்டி வெறும் பச்சை, அந்தக் கோடியில் கழுகு. பொன்னுசாமியின் முகத்தில் ரத்தம் இறங்குவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. “அடச் சாமி,” என்றார். “இது மட்டும் கப்பல் ஏறிப் போயிருந்துதுன்னா.” திரும்பி, கையைத் தட்டி, மெஷின்களை நிறுத்தச் சொன்னார், முதலாளிக்குப் போன் பண்ணினார், லாரி நாளைக்கு வந்தால் போதும் என்று யாரிடமோ கெஞ்சினார். ஆறு மெஷினும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. பதினாறு வருஷத்தில் வேலை நேரத்தில் அந்தக் கொட்டகை இவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதில்லை. எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்னுசாமி திரும்பி வந்தார், நன்றியோடுதான் வந்தார், அதோடு கேள்வியும் வந்தது. “ஏனம்மிணி, போனும் கையுமாச் சுத்தற எனக்கே தெரியல. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

போன்ல பாத்தனுங்க. நாக்கு நுனியில் தயாராக நின்றது, இரண்டே வார்த்தை. வெள்ளிக்கிழமை, பத்துப் பேர், மோனிஷா கட்டிக்கொள்ளப்போகிற அரக்குப் பட்டு, எல்லாம் ஒழுங்காக அதனதன் இடத்தில் இருக்கும். தெரியாதுங்க, யாரும் இல்லீங்க என்று ஒருதரம் சொல்லியாயிற்று, அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்த தூரம் இன்னும் முடியவில்லை. ரசம் ஊத்தீட்டு வர்றனுங்க என்று ஒருதரம் சொல்லியாயிற்று. மேஜை டிராயரைத் திறந்து பிளேடை எடுத்துக்கொண்டாள், கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது. “இந்தக் கொடிய நான் முன்னாலயே ஒண்ணு தெச்சிருக்கறனுங்க மாமா,” என்றாள். “நானும் இதே மாதிரி தப்பாத்தான் தெச்சேன். அப்பறம் பிரிச்சுத் தெச்சேன். எங்கம்மா மெஸ்ஸுல சாப்புட்ட ஒருத்தரு, அந்த நாட்டுக்காரரு, அவருதான் சொல்லிக் குடுத்தாரு. எனக்கு ரொம்பப் பிரியமானவரு.” சரசக்காவின் கத்தரி பாதியில் நின்றது. பொன்னுசாமிக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை, ஒன்றும் கேட்காமல் இருக்கவும் தெரியவில்லை. “யாரு? பேரென்ன?” என்றார். “சிசாங்கா,” என்றாள் மரகதம். “என்னது?” “சிசாங்கா,” என்றாள், இந்தத் தடவை கொட்டகையின் கடைசி மெஷின்வரைக்கும் கேட்கிற மாதிரி. பிறகு குனிந்து முதல் கொடியின் பட்டியில் பிளேடை வைத்தாள். மூன்றாம் தரமும் அந்தப் பெயரை அவர் கேட்கமாட்டாரா என்று அவளுக்கு இருந்தது.